தாம்பரம் வண்டியும் கம்பிச் சுருளும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை செல்லும் மின்சார இரயில் வண்டியில் ஏறி அறியாத மாணவர் நகரின் தென்புறத்தில் இருத்தல் அரிது. சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நீங்குகின்றன. வண்டி நிற்கிறது, மெல்ல நகர்கிறது, பின்னர் விரைகிறது. நாள்தோறும் காணும் செயலாதலால் அதைப் பற்றி நமக்கு ஐயமே எழுவதில்லை. ஆயினும் 1931-ஆம் ஆண்டு மே மாதத்தில் இப்பாதையில் மின்வண்டிகள் முதன்முதலாக ஓடத் தொடங்கியபோது, அவற்றை அமைத்த பொறியாளருக்கு அது பெரியதொரு சிக்கலாகவே இருந்தது.

அச்சிக்கல் இதுதான். தண்டவாளத்திற்கு மேலே கட்டிய கம்பியில் 1500 வோல்ட் நேர்மின்னோட்டம் பாய்ந்தது. வண்டி நின்றாலும் 1500 வோல்ட்; ஓடினாலும் 1500 வோல்ட். அதனைக் கூட்டவோ குறைக்கவோ ஓட்டுநர் கையில் வழியில்லை. குழாயைத் திறந்தால் முழு வேகத்தில் மட்டுமே தண்ணீர் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சிறு குவளையைச் சிந்தாமல் நிரப்ப வேண்டும். வழங்கும் அழுத்தத்தை மாற்ற இயலாதபோது, அதை வாங்கும் கம்பியைத்தான் அழுத்தத்திற்கு ஏற்றபடி அளந்து அமைக்க வேண்டும். எந்தக் கம்பி, எவ்வளவு நீளம், எவ்வளவு பருமன் என்பதே கேள்வி. இரயில் வண்டிக்கு மட்டுமன்றி, நம் வீட்டு மின் அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும், சட்டைப் பையில் அடங்கும் சில தீய கருவிகளுக்கும்கூட இதே கேள்வி உண்டு. இதன் வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

கம்பியின் நீளத்தையும் பருமனையும் கணக்கில் கொண்டுவந்தவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானியர். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1825-ஆம் ஆண்டளவில் அவர் வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னோட்டத்தை அளக்க முற்பட்டார். அக்காலத்து வோல்டா மின்கலங்கள் நிலையற்றவை. அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவற்றின் வலிமை தளர்ந்துவிடும். கம்பியை மாற்றியதனால் ஓட்டம் குறைந்ததா, கலம் சோர்ந்ததனால் குறைந்ததா என்று எவ்வாறு சொல்வது? பாகண்டார்ஃப் என்னும் அறிஞரின் யோசனைப்படி ஓம் அக்கலங்களை விடுத்து, பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையைக் கையாண்டார். ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால் அது தரும் அழுத்தம் மாறாது நிற்கும். மின்னழுத்தம் மாறாமல் நின்ற பிறகே கம்பியின் இயல்பு தெளிவாகப் புலப்பட்டது. நீளம் இரட்டித்தால் தடை இரட்டிக்கும். குறுக்குப் பரப்பு இரட்டித்தால் தடை பாதியாகும். மாறாத அழுத்தத்தில் தடை ஏற ஏற ஓட்டம் அதே விகிதத்தில் இறங்கும். 1827-இல் நூலாக வெளிவந்த இம்முடிவுகளை அவருடைய நாட்டார் உடனே மதிக்கவில்லை. 1841-இல் இலண்டன் இராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்த பின்னரே அவர் பெயர் பரவியது.

அதே 1841-இல் ஆங்கில நாட்டின் ஜேம்ஸ் ஜூல், கம்பியில் ஒரு நொடியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கி வரும் அளவினது என்று காட்டினார். இங்கேதான் தேர்வு எழுதும் மாணவர் பலர் இடறி விழுகின்றனர். ஜூலின் விதியைப் படித்துவிட்டு, "தடை மிகுந்தால் வெப்பம் மிகும்" என்று எழுதிவிடுகின்றனர். ஓட்டம் மாறாது நின்றால் அது சரியே. நம் வீட்டுச் சுவரில் மாறாது நிற்பதோ அழுத்தம், ஓட்டமன்று. அழுத்தம் மாறாதபோது தடையை இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும். பாதியின் வர்க்கம் கால். காலை இரண்டால் பெருக்கினால் அரை. எனவே நீண்ட கம்பி குறைவாகவே சுடும். குறுகிய கம்பிதான் மிகுதியாகச் சுடும். சூடு போதவில்லையே என்று சுருளில் இன்னும் சில சுற்றுகளைச் சேர்ப்பவன் தன் நோக்கத்திற்கு நேர்மாறான செயலையே செய்கிறான்.

கணக்கு இவ்வாறு தெளிவான பின்னும் ஏற்ற கம்பி கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. செம்பு உதவாது, அதன் தடை மிகச் சிறிது. இரும்பு செந்தணலாகக் காய்ந்தால் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடிச் செதில் செதிலாக உதிர்ந்து அறுந்துவிடும். பிளாட்டினம் நிலைத்து நிற்கும். ஆனால் அதன் விலையைக் கொடுத்துக் காப்பிக்கு வெந்நீர் வைப்பவர் யார்? 1906-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் ஓர் உலோகக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். நூற்றில் எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம். இதுவே நிக்ரோம் எனப்படுவது. செம்பைவிட ஏறத்தாழ அறுபது மடங்குக்கு மேல் தடை உடையது. அதனினும் சிறந்த குணம் ஒன்று உண்டு. முதல் முறை காய்ந்தவுடன் அதன் மேற்பரப்பிலுள்ள குரோமியம் உயிர்வளியோடு கூடி, மெல்லிய, உறுதியான ஒரு போர்வையாகப் படிந்துகொள்கிறது. இரும்பின் துருவைப்போல் அது உதிர்வதில்லை; உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. நம் மின் அடுப்புகள், வெந்நீர்க் கருவிகள், ரொட்டி வாட்டும் பெட்டிகள் எல்லாம் இப்போர்வையின் அடியில் வாழ்கின்றன எனலாம். பின்னர் சுவீடனில் ஹான்ஸ் ஃபான் காண்ட்சோவ் ஆக்கிய காந்தால் என்னும் கலவையில் நிக்கல் இல்லை. இரும்பும் அலுமினியமும் சேர்ந்த அக்கலவையிலும் குரோமியம் மட்டும் விடாமல் இடம் பெற்றிருக்கிறது.

குரோமியம் என்ற பெயரைக் கேட்டவுடன் தென்சென்னையார்க்கு ஒரு நிலையம் நினைவுக்கு வந்திருக்கும். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அவ்வுலோகத்திலிருந்து வந்ததே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், குரோமிய உப்புகளால் தோலைப் பதனிடும் முறையை இம்மாநிலத்தில் புகுத்த முயன்றார். ஆவாரம்பட்டையில் நாள்கணக்காக ஊறிய தோலுக்கு மாறாக, விரைவில் பதமாகும் தோல் கிடைத்தது. பல்லாவரத்தை அடுத்து சேம்பர்ஸ் என்பாரின் குரோம் லெதர் கம்பெனி தோன்றியது. தொழிற்சாலையின் பெயர் பேட்டைக்கு ஆயிற்று. பேட்டையின் பெயர் இரயில் நிலையத்திற்கு ஆயிற்று. தோலைப் பதப்படுத்தும் உப்பும் கம்பியைக் காக்கும் உலோகமும் ஒரே தனிமத்தின் இரு வடிவங்கள். 1797-இல் பிரெஞ்சு வேதியியலார் வாக்லான் அதைக் கண்டறிந்தபோது, அதன் உப்புகள் காட்டும் பல வண்ணங்களை வியந்து, நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயரிடப்பட்டது. அதே குரோமியம் பதனிடும் கழிவுநீரோடு பல்லாவரம், நாகல்கேணிப் பகுதிகளின் நிலத்தடி நீரைக் கெடுத்த துயரமும் இதே ஊர்களின் வரலாற்றில்தான் இருக்கிறது. அது தனியே பேச வேண்டிய பொருள்.

நிற்க. இனி வீட்டு அடுப்பைப் பார்ப்போம். பீங்கான் தட்டில் பாம்புபோல் வளைந்து செல்லும் பள்ளம்; அதில் பொருத்திய கம்பிச் சுருள். விடுதி மாணவர்கள் காவலர் கண்ணில் படாமல் தேநீர் வைக்கும் கருவி இதுவே என்று கேள்வி. 230 வோல்ட் வழங்கும் இடத்தில் 1000 வாட் திறன் வேண்டுமானால் சுருளின் தடை ஏறத்தாழ 53 ஓம் இருத்தல் வேண்டும். 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள நிக்ரோம் கம்பியில் அதற்குச் சுமார் 6 மீட்டர் ஆகும். அந்த நீளத்தைச் சுருளாகச் சுற்றி இழுத்துப் பள்ளத்தில் பதிக்கின்றனர்.

சில மாதங்களில் சுருள் எங்கேனும் ஓரிடத்தில் அறுந்துவிடுகிறது. புதிய காயில் வாங்கக் கடைக்குச் செல்வதற்குப் பதிலாக, அறுந்த இரு முனைகளையும் இழுத்து முறுக்கிவிடுவது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். அடுப்பு மீண்டும் எரிகிறது. முன்னைவிட ஒளியாகவே எரிகிறது. "பழுது பார்த்த பின் நன்றாகக் காய்கிறதே!" என்று மகிழ்வோரும் உளர். அந்த ஒளியின் பொருளை எண்ணிப் பாருங்கள். கருகிய துண்டுகளை வெட்டி எறிந்து முறுக்கியதில் பத்தில் ஒரு பங்கு நீளம் குறைந்தது என்போம். தடை 47.6 ஓம் ஆகிறது. திறன் 1000 வாட்டிலிருந்து 1111 வாட்டாக உயர்கிறது. அம்மிகுதி வெப்பத்தைச் சுமப்பதோ முன்னைவிடக் குறைந்த கம்பி. ஆகவே ஒவ்வொரு சென்டிமீட்டரும் சுமக்கும் வெப்பம் 1.67 வாட்டிலிருந்து 2.06 வாட்டாகிறது, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதல். கம்பி முன்னைவிட விரைவில் நைந்து மீண்டும் அறுகிறது. மீண்டும் முறுக்குகிறார்கள், மீண்டும் குறைகிறது. முறுக்கிய இடத்திலோ தொடுகை தளர்ந்து தனியே சூடேறுகிறது. மூன்றாம் முறை அறும்போது கம்பி மட்டும் அறுந்தால் நல்லூழ். சுவரிலுள்ள இணைப்பும் கருகி, அருகிலிருக்கும் துணியும் பற்றிக்கொண்ட வீடுகள் உண்டு.

மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கி வருவோர் கொண்டுவரும் பொருள்களிலும் இதே பாடம் அடங்கியிருக்கிறது. அமெரிக்க நாட்டில் வீடுகளுக்கு வழங்கும் அழுத்தம் 120 வோல்ட் அளவே. அங்கே வாங்கிய இஸ்திரிப் பெட்டியின் சுருள் அந்த அழுத்தத்திற்கு அளந்து அமைத்தது. இங்கே சுவரில் மாட்டினால் அழுத்தம் ஏறக்குறைய இருமடங்கு. வெப்பமோ நான்கு மடங்கு. பெட்டியில் குறையில்லை; வழங்கும் மின்சாரத்திலும் குறையில்லை. இரண்டும் ஒன்றற்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவே.

இனி நம் இரயில் வண்டிக்குத் திரும்புவோம். இந்தியாவில் மின்சார இரயில் முதலில் ஓடியது பம்பாயில், 1925 பிப்ரவரி 3 அன்று. அதற்கும் 1500 வோல்ட் நேர்மின்னோட்டமே. சென்னையில் 1895 முதலே டிராம் வண்டிகள் மின்சாரத்தால் ஓடிக்கொண்டிருந்தன. 1953-இல் அவை நின்றுபோயின. தென்னிந்திய இரயில்வே கம்பெனியார் கடற்கரை–தாம்பரம் பாதையில், ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தொலைவுக்கு, மீட்டர் பாதையில் மின்சாரத்தைக் கொணர்ந்தனர். வண்டி விரைவாகவும் அடிக்கடியும் வந்தது. வயலும் ஏரியுமாக இருந்த தென்புறத்தில் குடியிருப்புகள் பெருகின. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்தில் குடிபுகுந்ததற்கும் இவ்வண்டி துணை நின்றிருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

நின்றிருக்கும் மோட்டாரின் உட்சுருள் தடித்த செப்புக் கம்பியாலானது. தடை மிகச் சிறியது. அதனைத் திடீரென 1500 வோல்ட்டோடு இணைத்தால் பாயும் ஓட்டம் மோட்டாரையே எரித்துவிடும். ஓடத் தொடங்கிவிட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. சுழலும் மோட்டார் தானும் ஒரு மின்னாக்கியாகி எதிரழுத்தத்தைத் தோற்றுவித்து ஓட்டத்தை அடக்கிக்கொள்ளும். ஆபத்தெல்லாம் முதல் சில நொடிகளில்தான். அக்காலத்து நேர்மின் வண்டிகளில் இதற்காகவே தடைச் சட்டங்களை மோட்டாரோடு தொடராக இணைத்தனர். புறப்படும்போது எல்லாத் தடைகளும் வழியில் நிற்கும். வேகம் ஏற ஏற ஒவ்வொன்றாக விலக்கப்படும். தடைகள் முற்றும் விலகிய பின் மோட்டார்களின் இணைப்பையும் மாற்றுவர். முதலில் இரண்டு மோட்டார்கள் தொடரிணைப்பில் நின்று ஆளுக்குப் பாதி அழுத்தம் பெறும். பின்னர் பக்க இணைப்பில் நின்று ஒவ்வொன்றும் முழு அழுத்தம் பெறும். மேலே உள்ள கம்பி அறியாமலேயே கீழே இத்தனை மாற்றங்கள் நிகழும்.

இது நுட்பமான முறைதான். ஆனால் விலை கொடுத்து வாங்கிய நுட்பம். தடைகள் விழுங்கும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகக் காற்றில் கரைந்தது. வெறும் தடைகளைக் கொண்டே புறப்பட்டால், புறப்பாட்டின்போது பெறும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி வீணாகும். தொடரிணைப்பும் பக்க இணைப்பும் மாற்றிக் கையாண்டால் அவ்வீண் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். தொலைதூர வண்டிக்கு இது பெரிதன்று. இரண்டு மூன்று நிமிடத்திற்கு ஒரு நிலையத்தில் நின்று புறப்படும் தாம்பரம் வண்டிக்கோ, ஒவ்வொரு நிலையத்திலும் இக்கணக்கு புதிதாகத் தொடங்கும்.

1965-இல் தாம்பரத்திற்குத் தெற்கே விழுப்புரம் வரை மின்சாரம் நீண்டபோது, புதிய பகுதிக்கு 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தைத் தேர்ந்தனர். 1967-இல் கடற்கரை–தாம்பரம் பகுதியும் அம்முறைக்கு மாறியது. மாறுதிசை மின்னோட்டத்தை மின்மாற்றியால் ஏற்றவும் இறக்கவும் கூடும். மின்மாற்றியின் சுருளில் பல இடங்களில் கிளைகள் எடுத்து, வேண்டும் அழுத்தத்தை வேண்டும் போது மோட்டாருக்கு அளிக்கலாம். ஆற்றலைத் தடையில் எரித்துப் புறப்பட வேண்டிய தேவை நீங்கியது. முப்பத்தாறு ஆண்டுகள் கம்பியை அழுத்தத்திற்குப் பணியவைத்த பாதையில், அழுத்தத்தையே பணியவைக்கும் காலம் பிறந்தது. மீட்டர் பாதை மின்வண்டிகள் 2004-இல் இப்பாதையிலிருந்து விடைபெற்றன; இன்று அகலப் பாதை வண்டிகளே ஓடுகின்றன.

பழைய சிக்கல் அத்துடன் தீர்ந்ததென்று எண்ணினால், அது எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் தலைகாட்டியது. மின்சிகரெட்டு என்னும் கருவியைச் சொல்கிறேன். புகையிலை எரியாமல் ஆவியைச் சூடாக்கி இழுக்கும் கருவிக்கு ஹெர்பர்ட் கில்பர்ட் என்னும் அமெரிக்கர் 1965-இலேயே காப்புரிமை பெற்றார்; அது அன்று கடைக்கு வரவில்லை. 2003-இல் சீன மருந்தியலார் ஹோன் லிக் ஆக்கிய கருவிக்குப் பின்னரே உலகெங்கும் பரவியது. இன்றைய கருவியின் உள்ளே இருப்பது ஒரு லித்தியம் மின்கலமும், நிக்கோட்டின் கலந்த நீர்மத்தில் தோய்ந்த பஞ்சும், அதைச் சுற்றிய சிறு கம்பிச் சுருளும். கம்பி அதே நிக்ரோம், அல்லது காந்தால். சில கருவிகளில் திறனைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சுற்று உண்டு. சிலவற்றில் இல்லை. இல்லாதவற்றின் நிலை 1931-ஆம் ஆண்டு வண்டியின் நிலையே. ஆனால் படிப்படியாக விலக்குவதற்குத் தடைச் சட்டங்களும் இல்லை.

3.7 வோல்ட் கலத்தோடு 1 ஓம் சுருளை இணைத்தால் ஓட்டம் 3.7 ஆம்பியர், திறன் 14 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. மிகுந்த ஆவி வேண்டுமென்று சுருளைத் தாமே சுற்றுவோர் தடையை 0.2 ஓமாகக் குறைத்தால் ஓட்டம் 18.5 ஆம்பியர், திறன் 68 வாட். கலம் முழுதும் நிரம்பியிருக்கும் வேளையில் அழுத்தம் 4.2 வோல்ட் இருக்குமாதலால் ஓட்டம் 21 ஆம்பியரைத் தொடும். பல லித்தியம் கலங்கள் பாதுகாப்பாகத் தரக்கூடிய ஓட்டம் இதற்குக் கீழே. எல்லை கடந்த கலம் உள்ளே கொதித்து வெடிக்கிறது. முகத்தருகே வெடித்துப் பலரைக் காயப்படுத்தியிருக்கிறது. மின் அடுப்பில் முறுக்கிய கம்பியின் கணக்கே இதுவும். வேறுபாடு ஒன்றுதான்: அடுப்பு சமையலறையில் இருந்தது, இது பல்லிடுக்கில் இருக்கிறது.

வெடிக்காதவையும் நலம் செய்வன அல்ல. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் நஞ்சு. இளம் மூளையை அது எளிதில் பற்றிக்கொள்கிறது. பஞ்சு உலர்ந்து சுருள் அளவுக்கு மேல் காய்ந்தால் நீர்மம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நஞ்சுகள் உண்டாகின்றன. கம்பியின் மீது குரோமியம் நெய்யும் காப்புப் போர்வையும் இங்கே முழுமையாகக் காப்பதில்லை. நிக்கலும் குரோமியமும் நுண்ணளவில் ஆவியோடு கலந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர். தமிழ்நாட்டரசு 2018-இல் இக்கருவிகளைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் நடுவணரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதனை நிலையான சட்டமாக்கியது. ஆக்குவதும் விற்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம். முதல் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்.

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் இடையே வண்டி இன்னும் ஒரு நிலையத்தில் நிற்கிறது. சானடோரியம் என்பது அதன் பெயர். 1928-ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து என்னும் மருத்துவர், காசநோயால் நுரையீரல் நைந்தவர்க்குத் தூய காற்றே மருந்து என்று கருதி, நகருக்கு அப்பால் அங்கே ஒரு மருத்துவமனை அமைத்தார். 1937-இல் அரசு அதை ஏற்றது. நெஞ்சகநோய் மருத்துவமனையாக அது இன்றும் அங்கே நோயாளரை ஏற்றுக்கொண்டிருக்கிறது.